மூன்று முறை அனுப்புகிறவர்

கயிற்றுக் கடைக்காரருக்கு எதையும் ஒரு தடவை சொல்லிப் பழக்கமில்லை. சந்தையில் விலை கூவியே வளர்ந்த வாய். ஒரு முறை சொன்னால் காதில் விழும், மூன்று முறை சொன்னால்தான் மனதில் விழும் என்பது அவர் கட்சி. மின்னஞ்சலையும் மூன்று முறைதான் அனுப்புவார்.

அன்று மதியம் நாற்பது கடைகளுக்குப் புது விலைப்பட்டியல் அனுப்பினார். ஆளுக்கு மூன்று. பிறகுதான் தலையான காரியத்துக்கு வந்தார்: துறைமுகத்துக்கு இரண்டு வருடம் கயிறு தரும் டெண்டர். மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதுவும் பதிவு செய்த முகவரியிலிருந்து மட்டும். அந்த முகவரியோ, இணைய இணைப்பு வாங்கியபோது கம்பெனிக்காரன் கொசுறாகக் கொடுத்தது.

பொத்தானை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். சிவப்பு எழுத்தில் 'தடை' என்று வந்து நின்றது.

கம்பெனிக்கு ஃபோன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு மணி நேரத்துக்கு நூறு மெயில்தான் சார். நீங்க தாண்டிட்டீங்க. குப்பை மெயில் அனுப்புறவர்னு நினைச்சு சிஸ்டம் பூட்டிடுச்சு."

"நான் குப்பையா? முப்பது வருஷமா கயிறு விக்கிறேன்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு, கொசுறா விடும்மா."

"சாவி என் கையில இல்ல சார். கடைசியா அழுத்தினதுலேர்ந்து ஒரு மணி நேரம் தொடாம இருந்தா தானா திறக்கும். நடுவுல ஒரு தடவை அழுத்தினாலும் மறுபடி முதல்லேர்ந்து ஒரு மணி நேரம்."

கடைசியாக அழுத்தியது ஒன்று ஐம்பத்திரண்டுக்கு. பூட்டு திறந்த பிறகு கையில் மிஞ்சுவது எட்டே நிமிடம்.

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வியாபாரம் உலகத்தில் இல்லை. இரண்டு மணி தாண்டுவதற்குள் அவர் விரல் இரண்டு தரம் மவுஸ் வரை போய்த் திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி அலமாரியிலிருந்து மெல்லிய கயிறு ஒன்றை உருவினாள். அவர் கைகள் இரண்டையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஏய், என்ன இது?"

"உங்க கை மேல எனக்கு நம்பிக்கை இல்லங்க. உங்க கயிறு மேல இருக்கு."

இரண்டு நாற்பதுக்குத் துறைமுக அலுவலகத்து எழுத்தர் கூப்பிட்டார். மனைவி ஃபோனை அவர் காதில் வைத்தாள்.

"அண்ணே, எல்லாருதும் வந்துடுச்சு. உங்களுது மட்டும் காணோம். மூணு அடிச்சா சாத்திடுவோம்."

அவர் நாற்காலியோடு ஒரு முழம் எகிறினார். "ஒரே ஒரு தடவை அழுத்திப் பாரேன்! முன்னாடியே திறந்திருந்தா?"

"திறக்காம இருந்தா?"

வாடிக்கையாளர் எவரும் அவரை இப்படி மடக்கியதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் செக்கிழுக்கும் மாடு மாதிரி நகர்ந்தது.

இரண்டு ஐம்பத்திரண்டு. மனைவி மேலும் ஒரு நிமிடம் பொறுத்தாள். பிறகு ஒரே ஒரு முறை அழுத்தினாள். சிவப்பு எழுத்து வரவில்லை.

"போச்சா? இன்னும் ரெண்டு தடவை அழுத்து! அவிழ்த்து விடு, நானே..."

"பதில் வரட்டும், அவிழ்க்கிறேன்."

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஃபோன் அடித்தது.

"வந்துடுச்சுண்ணே. ஆனா ஒண்ணுதான் வந்திருக்கு. எப்பவும் மூணு வருமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மனைவி அப்போதுதான் முடிச்சில் கை வைத்தாள்.