டாக்டர் இல்லாத அறை

விடிவதற்குள் ஆறு நெஞ்சுகளைச் சவரம் செய்துவிட்டாள். மயிரை வழித்து, வியர்வையைத் துடைத்து, தோல் சிவக்கத் தேய்த்தால்தான் ஈசிஜி கம்பிகள் ஒட்டும். அவள் விரல்நுனிகள் வெடித்திருந்தன.

இதயப் பரிசோதனைப் படிப்பை முடித்து, ஒன்பது ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கிய பின் இந்தப் பரிசோதனை மையத்தில் கிடைத்த முதல் வேலை. மூன்று மாதச் சோதனைக்காலம் இன்றோடு முடிகிறது. மாலையில் நியமன உத்தரவு தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

நகரும் பட்டையில் ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் ட்ரெட்மில் டெஸ்டின்போது டாக்டர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். இங்கே அவர் மத்தியானம் வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார்.

எட்டு மணிக்கு ஏறிய லாரி டிரைவர் ஏழாவது நிமிடம் நெஞ்சைப் பிடித்தார். திரையில் அலைகள் தாறுமாறாகக் கிழிந்தன. அவள் நிறுத்துவதற்குள் அவர் முகம் கைப்பிடிக் கம்பியில் மோதி, பல் தெறித்தது. மண்டியிட்டு மார்பை அழுத்தினாள். உள்ளங்கைக்கடியில் விலா எலும்பு முறிந்தது. நின்ற இதயத்தை இயக்கும் மின்னதிர்ச்சிக் கருவி பூட்டிய அலமாரியில், சாவி டாக்டரிடம்.

டிரைவர் செத்துப்போனார்.

"டாக்டர் எங்கடி?" என்று டிரைவரோடு வந்திருந்த அவர் தம்பி அவள் தலைமுடியைப் பிடித்துத் திரையில் மோதினான். பக்கத்து அறையில் எக்கோ ஸ்கேன் எடுக்கும் சீனியர் அக்கா ஓடிவந்து அவன் கையைக் கடித்துத்தான் அவளை மீட்டாள். அவன் ஓர் இரும்புக் கம்பியோடு வாசலில் போய் நின்றுகொண்டான்.

முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேஜைமேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று நியமன உத்தரவு. மற்றொன்றில், டாக்டருக்குக் காத்திராமல் அவளே அவசரப்பட்டுத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போடும்மா. அப்புறம் அதை எடுத்துக்க."

"நேத்து இருபது பேரை ஓட வெச்சோமே. அதுவும் என் அவசரமா சார்?"

முதலாளி கண்ணைக் காட்டினார். காவலாளி அவள் மணிக்கட்டைத் திருகிப் பேனாவைத் திணித்தான். புருவத்திலிருந்து வழிந்த ரத்தம் தாளில் சொட்டியது.

கதவை உதைத்துத் திறந்து எக்கோ அக்கா வந்தாள். பின்னால் எட்டு டெக்னீஷியன்கள். அக்கா கையிலிருந்த தாளில், தாங்களும் இத்தனை நாளும் டாக்டர் இல்லாமலேயே டெஸ்ட் எடுத்ததாக ஒன்பது பேரும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"இது வெளியே போனா எல்லாரும் ஜெயிலுக்குத்தான்" என்றார் முதலாளி.

"துணைக்கு நீங்களும் வருவீங்கள்ல சார்" என்றாள் அக்கா.

காவலாளியின் பிடி தளர்ந்தது. அவள் கையை உதறி, அக்காவின் தாளில் பத்தாவதாகத் தன் பெயரை எழுதினாள். நியமன உத்தரவைத் தொடவில்லை.

பத்துப் பேரும் வாசலுக்கு இறங்கினார்கள். தம்பி கம்பியை ஓங்கினான். அவள் நகராமல் நின்று அந்தத் தாளை உரக்கப் படித்தாள். அக்கா தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

அவன் கம்பியைக் கீழே போடவில்லை.

"முதல்லேர்ந்து படி" என்றான்.