செவ்வாய்க்கிழமை ஷூ

கோயம்புத்தூரில் பழைய ஓட்ட ஷூக்கள் புதுப் பாதைகளில் ஓடுவதில்லை. அந்தக் காலத்தில் எந்த வழியாக ஓடிப் பழகினவோ அந்த வழியாக மட்டுமே ஓடும். வழியில் இப்போது வீடு இருந்தால் வீட்டுக்குள் புகுந்து ஓடும். அதனால் நகரின் கிழக்குப் பகுதியில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை முன்கதவையும் பின்கதவையும் யாரும் தாழிடுவதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே ஷூ வரும் நேரத்தையும் சொல்லிவிடுவார்.

திருமூர்த்தியிடம் அப்படி ஒரு ஷூ இல்லை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தார். ஒரே வருடத்தில் நான்கு ஜோடி புது ஷூ மாற்றிப் பார்த்துவிட்டார். எல்லாமே மெத்தை வைத்தவை, எங்கே கூப்பிட்டாலும் வந்தன. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடித் திரும்பினாலும் எங்கும் போகாமல் வந்த மாதிரியே இருந்தது. செய்தித்தாளை நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் ஒரு முறை மொட்டைமாடிக்குப் போய்வந்தார்.

"சாம்பார் ஊத்தறதுக்குள்ள எங்க எந்திரிச்சுப் போறீங்க?" என்று அவர் மனைவி ரேணுகா கேட்டாள்.

எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸில் பழைய ஷூக்காரர்கள் கூடுவார்கள். மரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். "இந்த ரப்பர் இப்ப வர்றதில்லீங்க. கல்லு மேல மிதிச்சா கல்லுன்னு தெரியும்" என்பார் ஒருவர். இன்னொருவர் ஷூவுக்குள் மூக்கை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "எம்பத்தெட்டு. ஐப்பசி" என்பார். சரியாக இருக்கும். திருமூர்த்தியும் போய்க் கொஞ்சம் தள்ளி நிற்பார். "உங்க ஷூ எங்கீங்க?" என்று யாராவது கேட்டால், "ரூமுல உட்டுட்டு வந்துட்டனுங்க" என்பார். எந்த ரூம், ஏன் விட்டார் என்று சொல்லமாட்டார்.

ஒரு சனிக்கிழமை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளின் பக்கம் போனபோது, மிக்ஸி ஜார்களுக்கு அடியில் அதைப் பார்த்தார். வெள்ளைக் கேன்வாஸ் டீ நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு நீலக் கோடுகள், செங்கல் நிறத்தில் அடிப்பாகம். இடது குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். பால்பாயின்ட் பேனாவில் 'தி' என்றும் 'கு' என்றும் எழுதியிருந்தது.

கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். திருமூர்த்தி குடியிருந்தது குனியமுத்தூரில். பஸ் மேற்கே போகப் போக, மடியில் இருந்த பொட்டலம் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் பொட்டலத்தோடு வரதராஜபுரம் போனார். வாலிபத்தில் அவர் தங்கியிருந்த ரூம் இப்போது செல்போன் கடை. அதன் ஷட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஷூவை மாட்டி லேஸைக் கட்டினார். ஷூ கிளம்பியது.

ஹாலோபிளாக் கல் காயவைக்கும் ஒரு களத்துக்குள் போனது. கல்யாண மண்டபத்தின் பந்தியறையில் இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே ஓடியது. பிறகு ஒரு வீட்டின் முன்கதவுக்குள் நுழைந்து, கூடம் தாண்டிச் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் நின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரம்மா சாரதாமணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும்.

"வாங்க. பார்த்து நில்லுங்க, தொடச்சு உட்டிருக்கேன், வழுக்கும்" என்றார். பிறகு ஷூவைப் பார்த்தார். "இங்க நிக்குதுங்களா?"

"நிக்குதுங்க."

"கெணத்துமேடு இங்கதான் இருந்துச்சுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு. அதுக்குத்தான் நிக்குமாட்ட இருக்குது."

நான்கு நிமிடம் ஆனதும் ஷூ பின்கதவு வழியாகக் கிளம்பிக் குளக்கரையைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. அன்றைக்கு ராத்திரி திருமூர்த்தி எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடித்தார். ரேணுகா இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் ஷூவைத் தொடவில்லை. புதன்கிழமை ஓடினார், வியாழக்கிழமை தொடவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வந்து நின்றதும் சாரதாமணி ஒரு தட்டில் பூண்டைக் கொடுத்தார்.

"நாலு நிமிசம் சும்மா நிக்கறதுக்கு இதையாவது உரிச்சுக் குடுங்க. ஆமா, அந்தக் காலத்துல யாருக்கோசரம் இங்க நின்னீங்க?"

"குணசீலன்னு ஒருத்தனுக்குங்க. ரெண்டு பேரும் ஒரே ரூமு. ஆளுக்குப் பாதி போட்டு இந்த ஒரு ஜோடி வாங்கினோம். திங்க, புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயித்துக்கெழம சுவத்து மேல காயும்."

"அப்ப உங்க நாள்ல அவரு?"

"வெறுங்காலோட பின்னாடி ஓடி வருவான். முள்ளுப் புடுங்கீட்டு வர்றதுக்கு நாலு நிமிசம் ஆகும்."

"இப்ப எங்க இருக்காருங்க?"

"தெரியலீங்க."

"தேடலீங்களா?"

திருமூர்த்தி பூண்டுத் தோலை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டார். ஷூ கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் ஸ்டோர்ஸ் ரேக்குகளுக்கு நடுவே காலையிலிருந்து சாயங்காலம்வரை நடந்தார். 1993இல் ஒரு செவ்வாய்க்கிழமைதான் ஸ்டேடியத்தில் இதே கம்பெனி ஆள் எடுப்பதற்காக ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் நடத்தியது. முதல் மூன்று பேருக்குக் கம்பெனி டீமில் இடம், கூடவே வேலை. அன்று முதலில் விழித்தது திருமூர்த்திதான். குணசீலன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியிருக்கலாம். எழுப்பாமல் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருமுனையில் போய் லேஸ் கட்டினார். மூன்றாவதாக வந்தார். கம்பெனி அன்றைக்கே புது ஷூ கொடுத்தது. பழையதை ரூம் ஜன்னலில் வைத்துவிட்டு, குணசீலன் வருவதற்குள் பெட்டியோடு போய்விட்டார். முப்பத்தோரு வருடம் ஆகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஷூவை மாட்டினார்.

அன்று அது குளத்துப் பக்கம் திரும்பவில்லை. குணசீலன் ஓடிப் பழகிய, அவருக்குத் தெரியாத வழியில், ஒண்டிப்புதூரை நோக்கி ஓடியது. ஒரு வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், "புதுசுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே பின்கதவைத் தாண்டினார். கிரைண்டர் ரிப்பேர் கடை ஒன்றின் வாசலில் ஷூ நின்றது. கட்டம்போட்ட லுங்கியோடு குணசீலன் அங்கே காத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வந்துட்டயா?"

"வந்துட்டேன்."

"நேத்தே வருவயின்னு பார்த்தேன். அப்பறம்தான் நேத்து உன்ற நாளுன்னு ஞாபகம் வந்துச்சு. கழட்டு."

திருமூர்த்தி படியில் உட்கார்ந்து லேஸை இழுத்தார். முடிச்சு இறுகிக்கொண்டது. குணசீலன் குத்தவைத்து உட்கார்ந்து, நகத்தால் நெருடி அவிழ்த்து, ஷூவைத் தன் காலில் மாட்டிக்கொண்டார்.

"குணா, அன்னைக்கு நான்..."

"லேஸ் கட்டீட்டிருக்கறனல்லோ. பேசாம இரு."

அந்த ஷூவுக்கு எல்லாச் செவ்வாய்க்கிழமைகளும் குணசீலனுடையவை, ஒன்றைத் தவிர. விட்டுப்போன அந்த ஒன்றைத்தான் அது முதலில் ஓடும். இது இருவருக்கும் தெரிந்திருந்தது. குணசீலன் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டேடியம் இருக்கும் திசையில் ஓடினார்.

திருமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். வெறுங்காலோடு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார். கிரைண்டர்களில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை எல்லாம் படித்தார். யார் வீட்டுக் கிரைண்டர், என்ன கோளாறு என்று குண்டுகுண்டான கையெழுத்தில் இருந்தது. அதே கையெழுத்துத்தான், மாறவில்லை. மறுபடியும் தெருமுனைக்குப் போனார். வெயில் ஏறியது. மூன்றாவதாக வந்துவிடுவான் என்று நினைத்தார். வந்துவிடவேண்டும் என்று நினைத்தார். வந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் குணசீலன் திரும்பி வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கால்வரை சேறு. ஊரில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. 1993இன் அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. திருமூர்த்தி கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"எத்தனாவது?"

"ஆறாவது."

குணசீலன் தலையைத் துவட்டினார்.

"ஒம்பதாவது ரவுண்டுலயே மூச்சு வாங்கிருச்சு. இத்தன வருசமும் ரெண்டாவதா வந்திருப்பேன்னே நெனச்சிட்டிருந்தேன். ராத்திரியில படுத்தா அதே ஓட்டந்தான். கடைசி ரவுண்டுல ஒருத்தன முந்துவேன், பாரு, தெனமும் அவன முந்துவேன்."

"நான் எழுப்பியிருக்கோணும்."

"எழுப்பியிருந்தாலும் ஆறாவதுதான்." சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "எழுப்பியிருக்கோணும்."

ஈரத்தோடே நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டார். திருமூர்த்தி அவர் காலிலிருந்து ஷூவைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, வாசற்படியில் வெயில் படும்படி வைத்துவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறினார்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போனபோது அவருடைய நாற்காலியில் பொள்ளாச்சி வேலுச்சாமி உட்கார்ந்திருந்தார். 1993 ஓட்டத்தில் நான்காவதாக வந்தவர். திருமூர்த்தியின் இடத்தில் குணசீலன் ஓடி ஆறாவதாக வந்துவிட்டதால், வேலுச்சாமி மூன்றாவதாகி, முப்பத்தோரு வருடமாக அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார் வேலுச்சாமி.

"இல்லீங்க, பரவால்ல. அந்த ரெண்டாவது டிராயர் சிக்குமுங்க. கொஞ்சம் மேல தூக்கி இழுக்கோணும்."

"ஆமாங்க. சேர்ந்த நாள்ல இருந்து அப்படித்தானுங்க இழுக்கறேன்."

டீ வந்தது. குடித்தார். வாட்ச்மேன் பார்வையாளர் நோட்டில் அவர் பெயரை எழுதி, வந்த காரணம் என்ற இடத்தில் 'டிராயர்' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்.

வீட்டில் அவர் சொன்ன எல்லாவற்றையும் ரேணுகா கேட்டுக்கொண்டாள்.

"அப்ப இத்தன வருசமா நீங்க எந்த வேலைக்குத்தான் போயிட்டிருந்தீங்க?"

"அதுதான் தெரியல."

"ஏதோ ஒரு வேலைக்குப் போயிருப்பீங்க. டிபன் கட்டிக் குடுத்தது ஞாபகம் இருக்குதே. ஆளக் காணம்னா தேடீட்டு வருவாங்க, இருங்க."

தேடிக்கொண்டு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். காக்கிச் சட்டை போட்டிருந்தாள். பழைய பஞ்சு மில்லில் இருந்து வருவதாகச் சொன்னாள்.

"சார், இன்னைக்கு ஆறு மணிச் சங்கு ஊதலீங்களே."

"அந்த மில்லத்தான் மூடீட்டாங்களே."

"மில்லத்தானுங்க மூடினாங்க. சங்க யாரும் மூடலீங்க. ஏறுங்க, நேரமாச்சு."

ரேணுகா டிபன் பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். திருமூர்த்தி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். மில்லுக்குள் செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன. சங்குக் கோபுரத்துக்கு மட்டும் வழி பெருக்கியிருந்தது. எழுபத்திரண்டு இரும்புப் படி ஏறினார். மேலே இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு பித்தளைக் குழாய் நீண்டிருந்தது. அதன் வாய், அவருடைய உதட்டின் அளவுக்குத் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினார்.

ஊரில் மணி ஆறானது. அவிநாசி ரோட்டில் பஸ்கள் நின்று, திரும்பி, வந்த வழியே போயின. ஸ்கூல் வேன்கள் பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டன. கீழே நின்ற பெண் அண்ணாந்து, "ஆச்சுங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றார். கிழக்கே தென்னை உயரம் ஏறியிருந்த சூரியன் மெதுவாகக் கீழே இறங்கியது. ஏழு மணிச் சங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.