அக்கா காருக்குப் புது மீட்டர்

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு கேட்டைத் திறந்தபோது இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு அக்காவின் வாடகைக் காரைக் கட்டி இழுத்துப் போக ஆள் வருகிறாராம். விஷயம் எனக்குத் தெரிந்ததே முந்தின நாள்தான். அதையும் அக்கா சொல்லவில்லை. அத்தான்தான், பழைய நாற்காலியைத் தூக்கிப் போடப்போகிற மாதிரி, போனில் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆயில் பிரஷர் போச்சு மச்சினிச்சி. சிக்னல்ல நின்னா ஊசி ஜீரோவுல படுத்துக்குது. டாக்டரே கைய விரிச்சிட்டாரு."

டாக்டர் என்பது தெருமுனை மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நோய் சொல்வார். அதனால் வந்த பெயர். உள்ளே பேரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது, இனி அதைப் பிரிப்பதைவிடப் பழைய இரும்புக்குப் போடுவது மேல் என்று அவர் சொல்ல, அத்தான் மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருக்கிறார். அவருக்கு இது அவ்வளவு கெட்ட செய்தியாகப் படவில்லை என்பது என் கணக்கு.

அக்கா முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஆறு வருஷமாக அந்தக் கார்தான் அவளுடைய உலகம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள், விடியற்காலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் என்று அவளை மட்டுமே கூப்பிடுகிற கூட்டம் ஒன்று உண்டு. கார் போனால் அவள் மறுபடி அடுப்படிக்குள் போய்விடுவாள், அப்புறம் யார் இழுத்தாலும் வெளியே வரமாட்டாள்.

நான் பார்ப்பது மீட்டர் வேலை. பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளிலிருந்து வரும் பிரஷர் மீட்டர்களைச் சோதித்து, பொய் சொல்கிறவற்றைக் குப்பையில் போடுவேன். பதினாறு வருஷத்தில் நான் கற்றது இதுதான்: ஊசி விழுந்தால் முதலில் ஊசியைச் சந்தேகப்படு. அதனால் நானே சோதித்துப் பார்த்த மீட்டர் ஒன்றையும், பென்சில் முனை கனத்தில் ஒரு செப்புக் குழாயையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன்.

அக்கா காருக்குள் உட்கார்ந்து தன் சாமான்களை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"எறங்குக்கா. டேஷ்போர்டக் கழட்டணும். இந்த மீட்டர நான் நம்ப மாட்டேன்."

"கம்பெனிக்காரன் வெச்ச மீட்டரையே நம்ப மாட்டேன்னா எப்படிம்மா?" என்றார் டாக்டர். வண்டியை ஒப்படைக்க அவரும் வந்திருந்தார். பக்கத்தில் அத்தான், கையில் காபி டம்ளரோடு.

"கம்பெனி மீட்டர் ஆயில நேர்ல பாக்குறதே இல்ல டாக்டர். என்ஜின்ல இருக்குற சென்சர் ஒயர் வழியா கோள் சொல்லும், இது கேட்டு ஆடும். என் மீட்டருக்கு ஆயிலே குழாய்ல ஏறி வரும்."

"இவளுக்கு வாய் மட்டும் இல்லன்னா..." என்றார் அத்தான்.

பதில் சொல்ல நேரமில்லை. பழைய மீட்டரைப் பிடுங்கினேன். புதியது அந்த ஓட்டைக்குள் போகவில்லை. அரத்தால் ராவிப் பெரிதாக்கி உட்கார வைத்தேன். என்ஜினிலிருந்து சென்சரைக் கழற்றி, அந்த இடத்தில், கசியாமலிருக்க மரையில் டேப் சுற்றிய நிப்பிள் என்ற பித்தளை இணைப்பை முறுக்கி, குழாயை உள்ளே கொண்டுவந்து மீட்டரோடு இணைத்தேன். சாவியைத் திருப்பி என்ஜினைக் கிளப்பினேன்.

ஊசி ஜீரோவில் இருந்தது. அசையவே இல்லை.

"ஒயர்தான் கோள் சொல்லும்னே, குழாயும் சொல்லுதா?" அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டர் பதறிப்போய், "ஆஃப் பண்ணும்மா, ஆஃப் பண்ணு!" என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு மறுபடி சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினாள். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

என்ஜினை அணைத்துவிட்டு, பானெட் மேல் கையை ஊன்றி யோசித்தேன். உண்மையிலேயே பிரஷர் இல்லையென்றால் என்ஜின் இந்நேரம் கடகடவென்று கத்தியிருக்க வேண்டும். ஓடியபோது இது முணுமுணுக்கக்கூட இல்லையே! குழாயைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஆயில் இல்லை. நிப்பிளைக் கழற்றினேன். அட கடவுளே! அதன் வாயில் நான் சுற்றிய டேப் சுருண்டு, மூடி போட்ட மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. முதல் மரையில் டேப் படக் கூடாது என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கோபத்தில் வேலை செய்தால் இதுதான் கதி.

"தப்பு என்னோடது," என்றேன் சத்தமாக. "டேப்ப வாய்ல சுத்தி அடைச்சிட்டேன்."

"உன் வாய்லயா?" என்றார் அத்தான் ஆசையாக.

"குழாய் வாய்ல. அவ்வளவு சீக்கிரம் உங்களுக்கு நிம்மதி கெடைக்காது அத்தான்."

டேப்பை ஒழுங்காகச் சுற்றி மறுபடி மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் குழாயில் ஆயில் ஏற, ஊசி விருட்டென்று எழுந்து அறுபதில் போய் நின்றது. "பாத்தீங்களா!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

டாக்டர் மட்டும் தலையாட்டவில்லை. "இது ஆறிப்போன ஆயிலும்மா, கெட்டியா இருக்கும். சூடாகட்டும், அப்பத்தான் சாயம் வெளுக்கும்." நியாயமான பேச்சு. அதற்குள் வண்டியை வாங்குகிறவர் கயிற்றோடு வந்துவிட்டார்.

"எல்லாரும் ஏறுங்க. அக்கா, நீ ஓட்டு."

"வழியில நின்னுட்டா?"

"நின்னா நான் தள்ளுறேன். ஓட்டுக்கா!"

ஆண்கள் மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார, அரை மணி நேரம் ஓட்டினாள். மேம்பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினோம். என்ஜின் நன்றாகச் சூடானதும் பாலத்துக்குக் கீழே ஓரங்கட்டி, அணைக்காமல் நிறுத்தினாள். ஊசி இறங்கத் தொடங்கியது. நாற்பது. முப்பது. இருபத்தைந்து. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இருபத்திரண்டில் ஊசி நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தும் அதற்குக் கீழே போகவில்லை.

டாக்டர் முன்னால் எக்கிப் பார்த்தார். "பத்து இருந்தாலே போதும். இது நல்ல என்ஜின்தாம்மா. சென்சர்தான் செத்துருக்கு. நான் அத முதல்ல பாத்திருக்கணும்." தப்பை ஒத்துக்கொள்கிற மெக்கானிக்கை அன்றுதான் பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்படீன்னா கயிறே வேணாம், நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுறேன்," என்றார் வாங்க வந்தவர்.

"அதுவும் சரிதான்," என்றார் அத்தான். "பேச்சுன்னா பேச்சுதானே? குடுத்துடலாம்."

அக்கா கண்ணைத் திறந்தாள். திரும்பாமல், கண்ணாடியிலேயே அவரைப் பார்த்தாள்.

"யாரு பேச்சு குடுத்தது?"

"நான்தான்... செத்த வண்டின்னு நெனச்சு..."

"அப்ப உங்க ஸ்கூட்டரக் குடுங்க. இது என் வண்டி."

வாங்க வந்தவர் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் பாலமே அதிர்ந்திருக்கும்.

அக்கா போனை எடுத்தாள். இனிமேல் வரமாட்டேன் என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாளாம். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நாளைக்கு அஞ்சரை மணி ரயில்தானே? நான் வர்றேன்மா. ஆமா, என் கார்லதான்," என்றாள். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நம்பரைத் தேடினாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார் அத்தான், டாக்டரின் முழங்கைக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கியபடி.

"பதினாலு பேருக்குச் சொல்லணும். பேசாம உக்காருங்க."