'இன்னா இது' குழுவைப் பூட்டிய இரண்டு நாள்

அக்சாவுக்கு வேலூரில் ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. காலையில் ஹெட்போனை மாட்டினால் மாலைவரை யார் யாரையோ யார் யாருக்கோ இணைத்துக்கொண்டே இருப்பாள். அது சம்பளத்துக்கு. சம்பளம் இல்லாமல் ஆசையாக அவள் பார்த்த இன்னொரு வேலை, 'ஜங்ஷன்' என்கிற சமூக வலைத்தளத்தில் ஒரு குழுவை நடத்துவது. குழுவின் பெயர் 'இன்னா இது?'

பெயரிலேயே விஷயம் இருந்தது. பார்வை இல்லாதவர்கள் எதையாவது படமெடுத்துப் போட்டு, "இன்னா இது?" என்று கேட்பார்கள். பார்வை உள்ளவர்கள் யாராவது பார்த்துச் சொல்வார்கள். பால் பாக்கெட்டில் என்ன தேதி போட்டிருக்கிறது, சட்டையில் கறை போய்விட்டதா, இது சுகர் மாத்திரையா பிரஷர் மாத்திரையா. படத்தை மெஷினே பார்த்துச் சொல்கிற காலம் வந்த பிறகும் ஜனங்கள் இந்தக் குழுவுக்குத்தான் வந்தார்கள். அதற்கு முக்கால்வாசிக் காரணம் ஹலீமா பீ.

மேல்விஷாரத்துக்காரர். வீட்டிலிருந்தபடியே ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவர். 'ஜங்ஷன்' என்றதும் காட்பாடி ரயில்வே ஸ்டேஷன் சம்பந்தப்பட்டது என்று நினைத்துதான் முதலில் உள்ளே வந்தாராம். வந்தவர் போகவில்லை. ஊசியை ஓட்டிக்கொண்டே குரல் பதிவில் பதில் சொல்வார். ஒருமுறை அக்சா ஒரு புடவையைப் படமெடுத்துப் போட்டாள். மெஷின், 'மஞ்சள் நிறம், பூ வடிவம்' என்றது. ஹலீமா பீ சொன்னது வேறு:

"நல்லா பழுத்த மாம்பழக் கலரு, கண்ணு. பூவெல்லாம் கொஞ்சம் பெருசு. என்னை மாதிரி உடம்புக்காரி கட்டுனா தோட்டமே நடந்து வர்ற மாதிரி இருக்கும். நீ ஒல்லின்னு சொன்னியே, ஜோரா கட்டிக்கோ."

அன்று அந்தப் புடவையில் ஆஸ்பத்திரிக்குப் போன அக்சா, நாள் முழுக்கத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜங்ஷன் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. இனி வெளியாட்கள் செய்த ஆப் எதன் வழியாகவும் ஜங்ஷனுக்குள் வரக்கூடாது. வரவேண்டுமென்றால் அந்த ஆப்பைச் செய்தவர் பெரிய கட்டணம் கட்ட வேண்டும்.

கம்பெனியின் சொந்த ஆப்பில் அக்சா போன்றவர்களால் நுழையவே முடியாது. எழுத்தை வாசித்துக் காட்டும் குரல் அதில் போனால், "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லாது. அதனால்தான் நாட்றம்பள்ளியில் ஹேமந்த் என்கிற சாப்ட்வேர்காரன், தன் பார்வையில்லாத தம்பிக்காக 'கேளு' என்று ஓர் ஆப் செய்து எல்லோருக்கும் சும்மா கொடுத்திருந்தான். குழுவை அக்சாவோடு சேர்ந்து நடத்தியவனும் அவன்தான்.

"மாசக் கடைசியோட 'கேளு' செத்துடும்க்கா," என்றான் போனில். "என்னால கட்ட முடியாது. வெளிநாட்டுல நிறைய குழுங்க ஒண்ணா சேந்து ரெண்டு நாள் கதவடைக்கப் போறாங்க. சமையல் குழு, ஸ்டாம்ப் சேக்கறவங்க, நாய் வளக்கறவங்க, எல்லாரும். நாமளும் பூட்டுவோமா?"

அக்சா யோசிக்கவே இல்லை. "பூட்டு," என்றாள்.

குழுவைப் பூட்டப்போவதாக அக்சா போட்ட அறிவிப்பைக் கேட்டதும் ஹலீமா பீ கூப்பிட்டார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"கதவடைச்சா கம்பெனிக்காரன் பேஜாராவான், சரி. அணைக்கட்டுல நம்ம சின்னசாமி அண்ணன் இன்சுலின் ஊசியில மருந்து எவ்ளோ ஏறியிருக்குன்னு நம்மளைத்தானே கேக்கறாரு? அவரு ரெண்டு நாள் யாரைக் கேப்பாரு?"

அக்சாவுக்குச் சுருக்கென்றது. கம்பெனியின் மேல் இருந்த கோபத்தில் சின்னசாமியை அவள் மறந்தே போயிருந்தாள். வயதான காலத்தில் சர்க்கரையால் கண் போன விவசாயி; தனிக்கட்டை.

"பூட்ட வேணாம்னு சொல்றீங்களாம்மா?"

"யாரு சொன்னா? நல்லா பூட்டு. கேக்கறவங்களுக்கு என் போன் நம்பரைக் குடு. வீடியோ கால்ல வரட்டும். நான் பாத்து சொல்றேன்."

அப்படியே செய்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை குழு பூட்டப்பட்டது. வாசலில் அக்சா கம்பெனிக்கு இரண்டே வரி எழுதி வைத்தாள்: 'இரண்டு நாள் எங்கள் கதவு உங்களுக்கு மூடியிருக்கும். கேளு போய்விட்டால் உங்கள் கதவு எங்களுக்கு என்றைக்கும் மூடியிருக்கும்.'

முதல் நாள் ஒன்றும் வம்பில்லை. மறுநாள் ஹலீமா பீயின் போன் கிடைக்கவே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் பேச்சில் இருந்தது. மதியத்துக்கு முன் ஸ்விட்ச் ஆப் ஆகிவிட்டது. அக்சாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னால்தானே அந்த அம்மாவுக்கு இந்தப் பாடு என்று தோன்றியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆற்காடு பஸ் ஏறினாள்.

மேல்விஷாரம் வந்ததை நடத்துநர் சொல்வதற்கு முன்பே தோல் ஊறும் வாடை சொல்லிவிட்டது. ஹலீமா பீ தன் வீட்டைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியிருந்ததால், பள்ளிவாசலுக்குப் பின்னால் இரும்புக் கேட் போட்ட வீடு என்று ஆட்டோக்காரரிடம் சொல்ல அக்சாவால் முடிந்தது.

உள்ளே ஒரே கூச்சல். ஏதோ சண்டை என்றுதான் முதலில் பயந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அதுல எக்ஸ்பைரி போன மாசமே முடிஞ்சுட்டுது, தூக்கிப் போடுங்க..."

"கொஞ்சம் தூரமா புடிங்க சார், உங்க கட்டைவிரல்தான் தெரியுது..."

"புளி இல்லம்மா அது, பேரீச்சம்பழம்!"

ஐந்தாறு பெண்கள் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஹலீமாம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள் அக்சா.

பேச்சு நின்றது. யாரோ எழுந்து ஓடிவருகிற சத்தம்.

"அக்சா? அய்யய்யோ, நீயா கண்ணு! தனியாவா வந்தே?"

இரண்டு கைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டன. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். ஷூ ஒட்டும் பசையின் வாசனை.

"போன் என்னாச்சும்மா? பயந்துட்டேன்."

"அது கொதிச்சுப் போய் தானா அணைஞ்சுட்டுது. கால் ஜாஸ்தியாய்டுச்சும்மா. சமாளிக்க முடியாம பக்கத்து வீட்டு நம்பரையெல்லாம் குடுத்துட்டேன். எல்லாரும் வேலையைப் போட்டுட்டு இங்க வந்துட்டாங்க. சின்னசாமி அண்ணன் காலைல ஊசி போட்டாச்சு, கவலைப்படாதே. என் பொண்ணு மெஹக்தான் பாத்து சொன்னா, சொல்லிட்டுத்தான் காலேஜுக்குப் போனா." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எவ்ளோ தடவை நெனச்சிருக்கேன் தெரியுமா?"

"எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டாள் அக்சா. இதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி.

ஹலீமா பீ ஒரு படத்துக்குப் பதில் சொல்வதைப்போல நிதானமாகப் பார்த்தார்.

"நெத்தி பெருசு. மூக்கு கொஞ்சம் சப்பைதான், பொய் சொல்ல மாட்டேன். சிரிச்சா எடது கன்னத்துல மட்டும் குழி விழுது. தோ, இப்ப விழுது பாரு."

அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அக்சா இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டீ வந்தது. அதற்குள் ஹலீமா பீயின் போன் ஆறி, சார்ஜ் ஏறி, உயிர் பெற்றது.

"கண்ணு, காலைல ஜங்ஷன்லருந்து எனக்கு ஒண்ணு வந்துது. முழுக்க இங்கிலீஷ். மெஹக் வந்தா கேக்கலாம்னு வெச்சிருந்தேன். நீ படிச்சு சொல்றியா?" என்றவர் சிரித்தார். "இன்னா இது?"

அக்சா அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அவளுடைய போன் படபடவென்று வாசித்தது. அந்த வேகம் அவளுக்கு மட்டும்தான் பிடிபடும். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"அன்புள்ள ஹலீமா. 'இன்னா இது' குழுவில் அதிகமாகப் பதில் சொல்பவர் நீங்கள். குழுவை மூடி வைத்திருக்கும்..." அவள் குரல் தடுக்கியது. "மூடி வைத்திருக்கும் நிர்வாகியை நீக்கிவிட்டு, பொறுப்பை உங்களிடம் தர விரும்புகிறோம். சம்மதம் என்றால் இன்றே தெரிவிக்கவும்."

"நிர்வாகின்னா யாரு?"

"நான்தாம்மா."

பாதியில் நிறுத்தி வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்பது அக்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் இந்த அம்மா ஒரு நாளும் அவளிடம் எதையும் மாற்றிச் சொன்னதில்லை.

"வேணும்னா எடுத்துக்கங்கம்மா," என்றாள் மெதுவாக. "நீங்க நடத்துனா எனக்கு வருத்தமில்ல. நெஜமாத்தான் சொல்றேன்."

"சும்மா இரு." ஹலீமா பீ போனை வாயருகே கொண்டுபோய்ப் பதிவை அழுத்தினார். குழுவில் பேசுகிற அதே குரலில், அவசரமில்லாமல் பேசினார்.

"ஜங்ஷன்காரங்களுக்கு ஹலீமா பீ சொல்றது. உங்க கடுதாசி வந்துது. எனக்குக் கண்ணு நல்லா தெரியும், ஆனா இங்கிலீஷ் தெரியாது. படிச்சு சொன்னது யாருன்னா, எங்க குழுவை நடத்தற பொண்ணு அக்சா. அவளுக்குக் கண்ணு தெரியாது. அவளைத் தூக்கப் போறீங்கன்றதை அவளே எனக்கு ஒரு வார்த்தை மாத்தாம படிச்சு சொல்றா. இப்படிப்பட்டவளை எடுத்துட்டு என்னை உக்கார வெக்கணுமா? எனக்கு வேணாம். அவ உள்ள வர்ற வழியை அடைக்காதீங்க, அது போதும். டீ ஆறுது, வெச்சுடறேன்."

அந்தப் பதிவு கம்பெனிக்கும் ஹேமந்துக்கும் போனது. ஹேமந்த் அதற்கு இங்கிலீஷில் எழுத்துப் போட்டு அன்று மாலையே பொதுவில் ஏற்றினான். ஸ்டாம்ப் குழுவினர் எடுத்துப் பகிர்ந்தார்கள். பிறகு நாய் வளர்ப்பவர்கள். பிறகு யாரென்றே தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள். மேல்விஷாரத்து டீ ஏதோ ஒரு நாட்டில் யாரையோ அழவைத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாளில் திறப்பதாக இருந்த பல குழுக்கள் திறக்காமலே இருந்தன. அக்சாவும் திறக்கவில்லை. ஹலீமா பீயின் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு போன் எடுத்தார்கள்.

கம்பெனி அந்தக் குரலுக்கு நேராகப் பதில் எதுவும் சொல்லவில்லை. மாசக் கடைசி நெருங்கும்போது ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது: பார்வையற்றோருக்கான ஆப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. மற்ற ஆப்புகளுக்கு முன்பு சொன்னதுதான்.

"நமக்கு மட்டும் சந்து விட்டுட்டு மத்தவங்களை வெளிய தள்ளிட்டான்," என்றான் ஹேமந்த். "இதுக்குப் பேரு ஜெயிச்சதாக்கா?"

"பாதி," என்றாள் அக்சா. ஸ்டாம்ப் குழுவினரின் ஆப் அந்த வாரமே நின்றுபோனது. அவர்களுக்கு அவளே நன்றி எழுதினாள். 'உங்கள் கதவுக்காகப் பூட்டுப் போட வேண்டி வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்' என்று சேர்த்துக்கொண்டாள். பிறகு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டு குழுவைத் திறந்தாள். ஹலீமா பீயையும் நிர்வாகியாக்கினாள், அவரைக் கேட்காமலேயே.

திறந்ததும் வந்த முதல் படம் அணைக்கட்டிலிருந்து. கூடவே சின்னசாமியின் குரல்: "மாடு கன்னு போட்டுக்குது. தடவிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்குது. கலர் மட்டும் தெரியல. சொல்லுங்கப்பா."

மருத்துவமனையின் மதிய இடைவேளையில் அக்சா பதில்களைக் கேட்கத் தொடங்கினாள். செவலை என்றார் ஒருவர். செங்கல் கலர் என்றார் இன்னொருவர். காது மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருப்பதாக மெஹக் சொன்னாள். நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, யாரோ கோலமாவு விரலால் தொட்டுவிட்ட மாதிரி என்றார் ஹலீமா பீ. இன்னும் இன்னும் வந்துகொண்டே இருந்தன. இடைவேளை முடிந்து டெலிபோன் போர்டு கூப்பிட ஆரம்பித்தது. அக்சா ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னொரு காதில் கன்றுக்குட்டியைக் கேட்டுக்கொண்டே, "வணக்கம், யார் வேணும்?" என்றாள்.