ஆடியில் வாங்கிய பெயர்

ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. கடைக்கு இணைய முகவரிகூட வாங்கமாட்டார்கள். கடலூர் முதுநகர் வெண்மதிக்கு அதுதான் அறுவடை. ஆவணியில் திறக்கவிருக்கும் கடைகளின் பெயர்களை இணைய முகவரிகளாகத் தன் கைக்காசைப் போட்டு முந்திப் பதிந்துவைத்து, கடைக்காரர்களிடமே விற்பாள்.

அந்த ஆவணி பிறந்ததும், 'சுப்பராயலு பாத்திரக்கடை' என்ற பெயரை விற்கச் சிதம்பரம் போனாள். கடை பூட்டிக் கிடந்தது. விசாரித்து வீட்டுக்குப் போனால், சுப்பராயலுவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவர் மனைவி தைலம்மாள் கோபப்படவில்லை.

"ஆடி போவட்டும், ஆடி போவட்டும்னே இருந்தாரு. நீ ஒருத்திதாம்மா நாள் பாக்காம அவரு பேருல ஒண்ணு ஆரம்பிச்சிருக்க."

வெண்மதி விலை சொல்லாமலே ஊர் திரும்பினாள். மறு ஆடியில் பதிவின் ஓராண்டுக் கெடு முடிந்தபோது, அந்தப் பெயரைத் தன் காசிலேயே புதுப்பித்தாள்.