சூடேற்றிய கை

ராஜகீழ்ப்பாக்கத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் தரைத்தளத்தில் லாரி பருமனுக்கு ஒரு குளிர்ப்பெட்டி. உள்ளே மைனஸ் எண்பது டிகிரியில் இரண்டு லட்சம் ரத்தக் குப்பிகள். எடுப்பதும் வைப்பதும் இயந்திரக் கை. வெளியே அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள், சவுரிமுத்து. பேச்சுத்துணைக்கு மோட்டார் சத்தம்.

அந்த இரண்டு லட்சத்தில் ஒன்று அவர் மனைவி பேபியுடையது. சர்க்கரை நோய் ஆய்வுக்கு ஆள் போதவில்லை என்று அவர்தான் கெஞ்சிக் கூட்டிவந்தார். "சும்மாவா குடுப்பாங்க?" என்று கேட்டு, குரோம்பேட்டையில் ஒரு புடவையும் மசால் தோசையும் கறந்த பிறகே கையை நீட்டினாள். மறுவருடம் போய்ச் சேர்ந்தாள். புடவை அவளோடு போயிற்று. குப்பிதான் மிச்சம். அதன் எண் அவருக்கு மனப்பாடம்.

கல்யாண நாளன்று துணிந்துவிட்டார். வாரம் ஒரு குப்பியை வரவழைத்துச் சரிபார்க்கலாம். எது என்பது அவர் இஷ்டம். இரண்டு நிமிடத்துக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எண்ணைத் தட்டினார். பனி பூத்துக் குப்பி வந்தது.

எடுக்கப் போனவர் நின்றார். வேலை முடிந்து போய்த் தொட்டாலே பேபி கத்துவாள்: "யோவ், கையா அது? ஐஸு மாதிரி கீது! எட்டப் போ!"

கையுறையைக் கழற்றினார். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தார். அக்குளில் செருகிச் சூடேற்றினார். அப்புறம்தான் குப்பியைப் பொத்திப் பிடித்தார்.

"இப்ப சொல்லுடி. சூடாத்தானே கீது?"

பனி விரலிடுக்கில் வழிந்தது. கல்லாக இருந்த சிவப்பு உள்ளே தளும்பியது. பதறிப்போய்த் திருப்பி வைத்தார். 'கெடு தாண்டியது, ஏற்க இயலாது' என்றது திரை.

"இந்த ஒரு தபா விட்ரு சார்," என்று கும்பிட்டார். அந்தக் குரலுக்கு எந்தக் கடைக்காரனும் கொஞ்சம் இறங்கியிருப்பான். இயந்திரத்துக்கு ஒரே விலை.

மேல்மாடியிலிருந்து ஆய்வுப் பொறுப்பாளர் சத்யபிரியா மேடம் போன் செய்தார். "சவுரி அண்ணா, ஒரு சாம்பிள் ரிஜெக்ட் ஆயிருக்கே?"

"கை பட்டு உருகிடுச்சு மேடம்."

"கிளவுஸ் போடலையா? சரி, ஆபரேட்டர் தப்புன்னு போட்டுடுங்க. ரெண்டு லட்சத்துல ஒண்ணுதானே, விடுங்க."

போட்டார். காலியான இடத்தை இயந்திரம் உடனே வேறு யாருக்கோ கொடுத்தது. கெட்டுப்போன குப்பி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போக வேண்டும். சவுரிமுத்து சாயங்காலம்வரை அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். பையில் போடும்போது அது உடம்புச் சூட்டில் இருந்தது.