இதயக் கல்லின் பிளவு

வைரப் பட்டறையில் சக்கரம் சுற்றுவது பெண்கள் வேலை. மாக்டெல்ட் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆளுயர மரச்சக்கரத்திலிருந்து போன கயிறு இரும்புச் சாணைத்தட்டைச் சுழற்றியது. தட்டின் முன்னால் அவள் கணவன் கோவர்ட், ஈயத்தில் பதித்த கல்லை விளிம்பில் அழுத்திப் பிடித்திருந்தான்.

அவனுக்குப் பின்னால் கேப்டன் பாரென்ட் நின்றான். கல் அவனுடையது. பிரேசிலிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம், பெண்ணின் விரலில் இதய வடிவக் கல் வைத்த மோதிரம் ஏற வேண்டும். கல்லை மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் காலையிலிருந்து அவன் நகரவில்லை.

"கறுப்பா என்னமோ கொட்டுது."

"கல்லுல ஒரு புள்ளி இருந்துச்சு கேப்டன். அதை இதயத்தோட மேல்பிளவு வர்ற எடத்துல வெச்சுக்கிட்டேன். தேஞ்சு போயிடும். இந்த மாதிரிக் கல்லை இதயமா வெட்டுறதே அதுக்குத்தான்."

"என் கல்லுல புள்ளியா? தேச்சுத் தேச்சுத் தூளைத் திருடுறே!"

"ஆமா, அந்தத் தூளை மீன் மேல தூவித் திங்கப் போறோம்," என்று மாக்டெல்ட் சிரித்தாள்.

பாரென்ட் கோவர்ட்டின் வலது மணிக்கட்டைப் பிடித்துச் சுழலும் தட்டில் அழுத்தினான்.

முதலில் ஈரமான சத்தம். பிறகு எலும்பின் சத்தம். எண்ணெயும் ரத்தமும் சுவரில் கோடாகத் தெறித்தன. அவள் கைப்பிடியை விட்டாள். சக்கரம் நிற்கவில்லை. அதன் கனம் அப்படி. தானாக நிற்பதற்குள் அவன் கையில் எதுவும் மிஞ்சாது. கை போனால் சாணைத் தொழிலும் போய்விடும்.

அவள் தன் வலது கையை ஆரக்கால்களுக்கு நடுவே செருகினாள்.

எலும்பு முறிந்தது. சக்கரம் நின்றது.

கோவர்ட்டின் வலது கையில் மூன்று விரல்கள் மிஞ்சியிருந்தன. பாரென்ட் கல்லைத் துடைத்து ஜன்னல் பக்கம் பிடித்தான். புள்ளி இல்லை.

"அட, சுத்தமாத்தான்டா இருக்கு." பிறகு முகம் சுளித்தான். "ஆனா இது இதயமா, பேரிக்காயா? பிளவை இன்னும் ஆழமாப் போடு."

"எந்தக் கையால போடுவான்? கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு?"

"ஆளுக்கு ஒரு கை நல்லாத்தானே இருக்கு, அம்மணி," என்று அவன் கத்தியை உருவி அவள் கழுத்தில் வைத்தான்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிளவு, கல் எளிதில் பிளக்கும் அதன் இழையோடு போகிறது. வைரத்தைத் தேய்க்க வைரம் வேண்டும். உடைக்க, இழையில் ஓர் அடி போதும்.

கோவர்ட் இடது கையால் மழுங்கிய தகட்டுக் கத்தியைப் பிளவில் நிறுத்தினான். அவள் இடது கையால் இரும்புத் தடியை எடுத்தாள்.

"நல்லா ஆழமாவா, கேப்டன்?"

"எத்தனை தடவைடா சொல்றது!"

"அடி, மாக்டெல்ட்."

கல் இரண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு தட்டுக்கு அடியில் போய் விழுந்தது. பாரென்ட் தன் கத்தியைப் போட்டுவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தரையைத் துழாவினான். அவன் பிடரி அவளுக்கு நேர் கீழே இருந்தது.

இரண்டாவது அடிக்கு அவள் யாருடைய சொல்லுக்கும் காத்திருக்கவில்லை.